சர்க்கரை நோயோடு சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தால்: ஆரம்ப சுகாதார நிலையத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேரும் மருத்துவர்களும் செவிலியர்களும் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பல வருடமாகப் பார்த்துவருகிறேன். சர்க்கரை நோய் மட்டும் இருந்தால் நன்றாகவே பார்க்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு மட்டும் இருந்தால் பெரிய மருத்துவமனைக்கு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும்போதுதான் கை நடுங்குகிறது. ஆனால் அந்த நோயாளி மாதாமாதம் மாத்திரை வாங்க வருவது நம்மிடம்தான். சிறுநீரக நிபுணரை வருடத்தில் இரண்டு முறை பார்த்தாலே அதிகம்.

இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் சிறுநீரகத்தின் எண், அப்புறம்தான் மாத்திரையின் பெயர். இந்த வரிசை மாறியதால் வந்த ஆபத்துகளை நேரில் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

இது இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ள, டயாலிசிஸ் தொடங்காத பெரியவர்களுக்கானது. கர்ப்பிணிகளுக்கும் முதல் வகை சர்க்கரை நோயாளிகளுக்கும் பொருந்தாது. நோயாளியோ அவர் வீட்டாரோ படித்தால், எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். இதை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் கேளுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எடை மெஷின், பிரஷர் கருவி, குளுக்கோமீட்டர், சிறுநீர் டிப்ஸ்டிக். இவை எல்லா இடத்திலும் இருக்கும். இல்லாமல் போவது பொட்டாசியம் பரிசோதனைதான். உங்கள் நிலையத்து லேபில் அது இல்லையென்றால், எந்த மருத்துவமனை லேபுக்கு எந்தக் கிழமை ரத்தம் அனுப்பலாம் என்பதை முதல் வாரத்திலேயே விசாரித்து வையுங்கள். பொட்டாசியம் பார்க்க வழியில்லாமல் பின்னால் வரும் இரண்டு படிகளைச் செய்ய முடியாது.

ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கிக் கட்டி, விரல்களை மூடி மூடித் திறக்கச் சொல்லாதீர்கள். எடுத்த ரத்தத்தை சீரம் பிரிக்காமல் மணிக்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது. இரண்டிலுமே பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். அந்தப் பொய் எண்ணை நம்பி நல்ல மருந்தை நிறுத்திய சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நோட்டும் வேண்டும். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்), பொட்டாசியம், எடை, பிரஷர் ஆகியவற்றை தேதி போட்டு எழுத ஒரு பக்கம். அது நோயாளியின் கையிலேயே இருக்கட்டும்.

1. கிரியேட்டினினைப் பார்த்து நிற்காதீர்கள், ஈஜிஎஃப்ஆர் கணக்கிடுங்கள்

லேப் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.2 என்று வருகிறது. பக்கத்திலேயே நார்மல் என்று அச்சாகியிருக்கிறது. 30 வயது ஆணுக்கு அந்த 1.2 என்றால் ஈஜிஎஃப்ஆர் சுமார் 83. 62 வயதுப் பெண்ணுக்கு அதே 1.2 என்றால் சுமார் 51. ஒரே எண்தான், ஆனால் அந்த அம்மாவுக்கு சிறுநீரகத்தின் வேலை பாதி அளவுக்கு இறங்கியிருக்கக்கூடும். புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான்.

2021-ல் திருத்திய சிகேடி-எப்பி சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள். வயது, பாலினம், கிரியேட்டினின் மூன்றும் போதும், எடை தேவையில்லை. போனில் இலவசமாகக் கிடைக்கிறது. 60க்கு மேல், 45–59, 30–44, 15–29, 15க்குக் கீழ் என்று ஐந்து அடுக்காக மனதில் வைத்துக்கொண்டால் போதும். பின்னால் வரும் எல்லா மருந்து முடிவும் இந்த அடுக்கைப் பார்த்துத்தான்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. எலும்பும் தோலுமாக இருப்பவர், படுத்த படுக்கையாக இருப்பவர், சர்க்கரைப் புண்ணால் கால் எடுத்தவர் ஆகியோரிடம் இந்தக் கணக்கு சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோலக் காட்டும். அவர்களுக்கு ஒரு அடுக்கு கீழே இருப்பதாக எண்ணிக்கொண்டு மருந்து எழுதுவது என் வழக்கம்.

மக்கள் கிரியேட்டினினை 'உப்பு' என்றுதான் சொல்வார்கள். "உப்பு 1.8 இருக்குன்னாங்க டாக்டர், அன்னையிலேர்ந்து சாப்பாட்டுல உப்பே போடல, ஆனா குறையல" என்று வருத்தப்படுவார்கள். இது வேறு உப்பு, அது வேறு உப்பு என்று முதல் சந்திப்பிலேயே விளக்கிவிடுங்கள். சொல்லாவிட்டால், சாப்பாட்டு உப்பைக் குறைத்தும் பலனில்லை என்று நினைத்து மறுபடி ஊறுகாய்க்குத் திரும்பிவிடுவார்கள்.

2. சிறுநீரில் ஆல்புமின் பாருங்கள்

ஈஜிஎஃப்ஆர் நன்றாக இருந்தும் ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியலாம். பல பேருக்கு அதுதான் முதல் அறிகுறி. அதனால் இரண்டும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டாம் வகை சர்க்கரை கண்டுபிடித்த அன்றே தொடங்கி வருடம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். சர்க்கரை எத்தனை வருடமாக உடம்பில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாதே.

சிறந்தது ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். கிராமுக்கு 30 மி.கி.க்குக் கீழ் சரி, 30 முதல் 300 வரை மிதம், அதற்கு மேல் கடுமை. காலையில் முதலில் போகும் சிறுநீர் நல்லது. டிப்ஸ்டிக் மட்டும்தான் உண்டு என்றால் அதையாவது விடாமல் செய்யுங்கள். ஆனால் டிப்ஸ்டிக் நெகட்டிவ் என்பதை 'கசிவே இல்லை' என்று படிக்காதீர்கள். 30–300 அளவிலான கசிவு அதன் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது.

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், சர்க்கரை மிக ஏறிய நிலை, முந்தின நாள் கடுமையான உடலுழைப்பு ஆகிய நேரங்களில் எடுக்காதீர்கள். கரும்பு வெட்டிவிட்டு வந்தவரிடம் மறுநாள் காலை எடுத்த மாதிரியை நம்பி அவரைப் பயமுறுத்தக் கூடாது.

3. நாள்பட்டதுதானா என்று உறுதி செய்யுங்கள்

ஒரு தடவை வந்த எண்ணை வைத்து 'கிட்னி போச்சு' என்று எழுதிவிட வேண்டாம். குறைந்தது மூன்று மாதம் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய். வயிற்றுப்போக்குக்குப் பிறகோ வலி மாத்திரைக்குப் பிறகோ ஏறிய கிரியேட்டினின், காரணத்தை நீக்கினால் இறங்கிவிடலாம்.

ஆனால் முதல் தடவையே கிரியேட்டினின் மிக அதிகம், பழைய ரிப்போர்ட்டும் இல்லை என்றால் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் திரும்பப் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் அது திடீர்ப் பாதிப்பு, அன்றே அனுப்ப வேண்டியது.

சர்க்கரை நோயாளியின் சிறுநீரகக் கோளாறெல்லாம் சர்க்கரையால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. சிறுநீரில் ரத்த அணுக்கள், கண் விழித்திரையில் சர்க்கரை பாதிப்பே இல்லாமல் கடும் புரதக் கசிவு, சில மாதங்களில் வேகமாக இறங்கும் ஈஜிஎஃப்ஆர், இவற்றில் ஒன்று இருந்தாலும் நிபுணரிடம் அனுப்புங்கள். ஆண்களில் புராஸ்டேட் அடைப்பு, கல் அடைப்பு இருக்கிறதா என்று ஒரு முறையாவது வயிற்று ஸ்கேன் பார்த்துவிட வேண்டும். அடைப்பை நீக்காமல் மாத்திரை மாற்றிப் பயனில்லை.

4. மாத்திரைப் பையை மேஜையில் கொட்டச் சொல்லுங்கள்

புதிய மருந்து எழுதும் முன் கெடுக்கும் மருந்தை எடுக்க வேண்டும். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று வாயால் கேட்டால் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை என்றுதான் பதில் வரும். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் மஞ்சப் பையோடு கொண்டுவரச் சொல்லி, மேஜையில் கொட்டிப் பாருங்கள்.

அதில் முக்கால்வாசி முழங்கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகைகள் இருக்கும். சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தை இவை குறைக்கும். பிரஷர் மாத்திரையும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் கூடவே எடுத்தால் ஆபத்து மூன்று திசையிலிருந்து வருகிறது. நிறுத்திவிட்டு பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், தொடைத்தசைப் பயிற்சி என்று மாற்றுங்கள். மாற்று ஒன்றும் சொல்லாமல் 'சாப்பிடாதீங்க' என்றால் வலி தாங்காமல் மறுபடி வாங்கத்தான் செய்வார்கள். நம்மிடமே காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் டைக்ளோஃபெனாக் ஊசி போடும் பழக்கம் இருந்தால், இவர்கள் ஓபி சீட்டின் மேலே சிவப்பு மையில் 'வலி ஊசி வேண்டாம்' என்று எழுதி வையுங்கள்.

கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரிகாபலின், காபாபென்டின் இரண்டும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அளவைக் குறைக்காவிட்டால் தள்ளாட்டமும் குழப்பமும் வரும். அதை வயோதிகம் என்று எல்லோரும் நினைத்துவிடுவார்கள். உலோகம் சேர்ந்த பஸ்பம், செந்தூரம், பெயரே இல்லாத பொடி ஆகியவற்றையும் திட்டாமல் கேட்டு வாங்கிப் பாருங்கள். திட்டினால் அடுத்த முறை பையில் வராது.

5. சர்க்கரைக்கு இலக்கு நிர்ணயம் செய்யுங்கள்

எல்லோருக்கும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எண்) 6.5 என்று துரத்தக் கூடாது. இளையவர், ஆரம்ப நிலை, லோ சுகர் வரும் மருந்து எதுவும் இல்லை என்றால் 6.5 முதல் 7 வரை. 70 வயதுக்காரர், தனியாக இருப்பவர், இன்சுலின் போடுபவர், ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழ் உள்ளவர் என்றால் 8க்குள் இருந்தாலே போதும். இவர்களிடம் லோ சுகரால் வரும் கெடுதல் உடனடியானது.

எச்பிஏ1சியிலும் ஒரு பொறி உண்டு. சிறுநீரகம் கெடக் கெட சிவப்பணுக்களின் ஆயுள் குறையும். அதனால் எண் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ரத்தம் ஏற்றியவருக்கும் ரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபொய்டின் ஊசி போடுபவருக்கும் அப்படித்தான். இரும்புச்சத்துக் குறைவில் நேரெதிராக ஏறிக் காட்டலாம். ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழ் போனவர்களிடம் வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்ட பின் சர்க்கரை, இரவு படுக்கும் முன் சர்க்கரை ஆகியவற்றை வைத்து முடிவெடுங்கள்.

6. சர்க்கரை மருந்தை அடுக்குக்கு ஏற்ப மாற்றுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

64 வயது அம்மா ஒருவர். பத்து வருடத்துக்கும் மேலாகச் சர்க்கரை. வேறு ஊரில் எழுதிக்கொடுத்த கிளைபென்கிளமைடும் மெட்ஃபார்மினும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. எப்போதும் 220, 240 என்று இருந்த சர்க்கரை இரண்டு மாதமாக 110, 95 என்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "இப்போ நல்லா கட்டுப்படுத்திட்டேன் டாக்டர், பாதி இட்லிதான் இறங்குது" என்றார். அந்தப் பாதி இட்லியில் நான் நின்றிருக்க வேண்டும். கிரியேட்டினின் எழுதிக்கொடுத்தேன், அதே நாள் மாத்திரையைக் குறைக்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை மகன் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார். நினைவில்லை, வியர்த்துக் குளித்திருந்தார், குளுக்கோமீட்டரில் 38. அன்று மதியம் ரிப்போர்ட் வந்தது: கிரியேட்டினின் 2.1. ஈஜிஎஃப்ஆர் 26.

உடம்பில் இன்சுலினை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு. பட்டினி நேரத்தில் சர்க்கரை தயாரித்துக் கொடுப்பதிலும் பங்கு உண்டு. சிறுநீரகம் கெட்டால் இன்சுலின் வெளியேறாது, புதுச் சர்க்கரையும் உருவாகாது, மாத்திரையும் உடம்பிலேயே தங்கும். போதாததற்குப் பசியும் மந்தமாகிவிடும். ஆகவே, பழைய நோயாளியின் சர்க்கரை காரணமில்லாமல் தானாக இறங்கினால் பாராட்டும் முன் கிரியேட்டினின் பாருங்கள். ரிப்போர்ட் வரும்வரை லோ சுகர் தரும் மாத்திரையை அன்றே குறையுங்கள்.

மெட்ஃபார்மின்: ஈஜிஎஃப்ஆர் 45க்கு மேல் இருந்தால் தொடரலாம். 30–44 என்றால் நாளுக்கு 1000 மி.கி.க்கு மேல் வேண்டாம், புதிதாகத் தொடங்கவும் வேண்டாம். 30க்குக் கீழ் நிறுத்துங்கள். லாக்டிக் அமிலம் சேரும் அபாயம்தான் காரணம். நேரெதிர்த் தவறும் நடக்கிறது: கிரியேட்டினின் 1.3 என்று பார்த்த உடனே பயந்து மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு, சல்ஃபோனைல்யூரியாவை (கிளைபென்கிளமைடு, கிளிமிபிரைடு போல லோ சுகர் தரும் வகை) கூட்டுவது. கொஞ்சம் பாதுகாப்பானதை எடுத்துவிட்டு ஆபத்தானதை ஏற்றுகிறோம். நான்கு வருடத்துக்கு மேல் மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு வைட்டமின் பி12 பாருங்கள்.

சல்ஃபோனைல்யூரியா: கிளைபென்கிளமைடு இவர்களுக்கு வேண்டவே வேண்டாம். அது உடைந்து உண்டாகும் பொருள்களும் சர்க்கரையைக் குறைக்கும், சிறுநீரகம் வழியாகத்தான் போகும். தேவையென்றால் கிளிபிசைடு அல்லது கிளிக்ளசைடு, குறைந்த அளவில். கிளிமிபிரைடு எழுதியே ஆக வேண்டுமென்றால் 1 மி.கி.யில் தொடங்கி, சாப்பிடாத வேளைக்கு மாத்திரை இல்லை என்று மூன்று தடவை சொல்லுங்கள்.

கிளிப்டின் வகை: லினாகிளிப்டின் 5 மி.கி., டெனெலிகிளிப்டின் 20 மி.கி. இரண்டுக்கும் சிறுநீரக அடுக்கைப் பார்த்து அளவு மாற்றத் தேவையில்லை. சிட்டாகிளிப்டின் 45க்குக் கீழ் 50 மி.கி., 30க்குக் கீழ் 25 மி.கி. வில்டாகிளிப்டின் மிதமான பாதிப்பு தொடங்கியதுமே நாளுக்கு ஒரு முறை 50 மி.கி. போதும். லோ சுகர் தராதவை என்பதால் வயதானவர்களுக்கு எனக்கு இவை பிடிக்கும். சிறுநீரகத்தைக் காப்பாற்றும் குணம் மட்டும் இவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள்.

இன்சுலின்: ஈஜிஎஃப்ஆர் 50க்குக் கீழ் இறங்கினால் மொத்த அளவில் கால்வாசி குறைக்க வேண்டிவரும். 10க்குக் கீழ் பாதி. இது தொடக்கக் கணக்குதான், அதன்பின் சர்க்கரை எண்ணைப் பார்த்து மாற்றுங்கள். நம்மிடம் கிடைக்கும் 30/70 கலவை இன்சுலினில் முதலில் குறைக்க வேண்டியது இரவு டோஸ். நீண்ட பட்டினி இரவில்தான், லோ சுகர் வந்தால் பார்க்க ஆள் விழித்திருக்கவும் மாட்டார்கள். இன்சுலின் தொடங்கும்போது பழைய சல்ஃபோனைல்யூரியாவை நிறுத்தினீர்களா என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஓடும் சீட்டுகள் ஏராளம்.

7. பிரஷரும் பொட்டாசியமும்

சிறுநீரகத்தைக் காப்பதில் பிரஷர், சர்க்கரைக்குச் சற்றும் குறைந்ததல்ல. 130/80க்குள் கொண்டுவாருங்கள். ஆல்புமின் கசிவும் பிரஷரும் சேர்ந்திருந்தால் முதல் மருந்து எனலாப்ரில் அல்லது லோசார்டான், டெல்மிசார்டான் வகை. பிரஷர் குறைவதோடு வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தமும் குறைவதால் கசிவு குறையும். அம்லோடிபின் மட்டும் கொடுத்து 'பிரஷர் நார்மல்' என்று திருப்தி அடைந்தால் அந்தப் பலன் கிடைக்காது.

வரிசை இப்படி: தொடங்கும் முன் கிரியேட்டினின், பொட்டாசியம். தொடங்கி 2 முதல் 4 வாரத்தில் மறுபடி இரண்டும். சரியாக இருந்தால் தாங்கும் அதிகபட்ச அளவு வரை ஏற்றுங்கள். டெல்மிசார்டான் 40-லேயே வருடக்கணக்கில் நிற்பதும் ஒரு தவறுதான்.

கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் தொடருங்கள். 1.5 இருந்தது 1.8 ஆனால் அது மருந்து வேலை செய்வதன் விளைவு, நிறுத்த வேண்டாம். 1.95ஐத் தாண்டினால் வயிற்றுப்போக்கு, வலி மாத்திரை, சிறுநீரக ரத்தக்குழாய் அடைப்பு என்று காரணம் தேடுங்கள். பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால் மாதிரி சரிதானா என்று பார்த்துவிட்டு, சாப்பாட்டையும் மற்ற மாத்திரைகளையும் சரிசெய்து, தேவைப்பட்டால் அளவைக் குறையுங்கள். 6க்கு மேல் என்றால் உடனே ஈசிஜி எடுத்து அன்றே அனுப்புங்கள்.

எனலாப்ரில் வகையையும் டெல்மிசார்டான் வகையையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களிடம் கர்ப்பம் பற்றிக் கேட்காமல் இரண்டில் எதையும் எழுதாதீர்கள். சிசுவைப் பாதிக்கும்.

8. எஸ்ஜிஎல்டி2 மருந்தைச் சேருங்கள்

இது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து வகை. டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. அல்லது எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி. ஈஜிஎஃப்ஆர் 20 வரை தொடங்கலாம், தொடங்கியபின் அதற்குக் கீழ் இறங்கினாலும் தொடரலாம். சிறுநீரகம் கெடும் வேகத்தைக் குறைக்கும், இதயத்துக்கும் நல்லது. 'ஈஜிஎஃப்ஆர் 40-ல் இது சர்க்கரையைக் குறைக்காதே' என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை அதிகம் குறையாது என்பது உண்மை. நாம் கொடுப்பது சிறுநீரகத்துக்காக.

உங்கள் நிலையத்தில் இருப்பு இல்லையென்றாலும் விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டின் காப்புரிமையும் முடிந்துவிட்டதால் விலை வெகுவாக இறங்கியிருக்கிறது. முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ விசாரிக்கச் சொல்லுங்கள்.

டெல்மிசார்டானையும் இதையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். இரண்டுமே ஆரம்பத்தில் ஈஜிஎஃப்ஆரைச் சற்று இறக்கும். சேர்ந்து தொடங்கினால் எதனால் இறங்கியது என்று தெரியாது. நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். சிறுநீர் பிரிக்கும் ஃப்ரூசிமைடு மாத்திரை எடுப்பவர் என்றால் நின்ற நிலையில் பிரஷர் பார்த்து, அதன் அளவைக் குறைக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். கூச்சத்தில் சொல்லமாட்டார்கள், மாத்திரையைத்தான் நிறுத்துவார்கள். அதனால் தொடங்கும்போதே செவிலியர் தனியாக அழைத்து, சிறுநீர் கழித்தபின் தண்ணீரில் கழுவி ஈரம் துடைக்க வேண்டும், அரிப்பு வந்தால் வந்து சொல்ல வேண்டும் என்று சொல்லிவிடட்டும். அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன் நிறுத்த வேண்டும். சஷ்டி விரதம், ரம்ஜான் நோன்பு என்று பட்டினி இருப்பவர் முன்கூட்டியே கேட்க வேண்டும். சர்க்கரை 180 என்று சாதாரணமாக இருந்தும் கீட்டோன் (கொழுப்பு உடைந்து வரும் அமிலம்) ஏறி, வாந்தியும் மூச்சிரைப்பும் வரலாம். அதை வெறும் கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

டெல்மிசார்டான் வகை, எஸ்ஜிஎல்டி2 இரண்டும் கொடுத்தும் ஆல்புமின் கசிந்துகொண்டிருந்தால் ஃபினெரினோன், செமாகுளூடைடு போன்றவை உண்டு. அந்த முடிவை நிபுணரிடம் விடலாம். கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மட்டும் நாமே எழுத வேண்டியது, அதற்குச் சிறுநீரக அடுக்கு பார்த்து அளவு மாற்ற வேண்டாம்.

9. சாப்பாடு

தடை செய்வதற்கு நீளமான பட்டியல் கொடுத்தால் நோயாளி பட்டினி கிடப்பார். முதலில் உப்பு: நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு, மூன்று வேளைக்கும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், வடகம் இவற்றில்தான் உப்பு ஒளிந்திருக்கிறது. 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பு வேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருக்கிறார்கள்.

புரதம் எடைக்கு ஒரு கிலோவுக்கு 0.8 கிராம். 50 கிலோ எடையுள்ளவருக்கு 40 கிராம். நம் ஊரில் பலர் அதற்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறார்கள். பருப்பையும் முட்டையையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லும் அறிவுரையால் உடம்பு உருகிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இளநீர், வாழைப்பழம், கீரைக்குத் தடை எல்லோருக்கும் கிடையாது. பொட்டாசியம் ஏறியவர்களுக்குத்தான். அவர்கள் காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்கலாம். ஸ்டார் ஃப்ரூட் மட்டும் சிறுநீரகக் கோளாறு உள்ள யாருக்கும் ஆகாது.

10. உடம்பு சரியில்லாத நாளுக்கு ஒரு சீட்டு

வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சலில் தண்ணீர்கூட இறங்காத நாளில் மெட்ஃபார்மின், எஸ்ஜிஎல்டி2, டெல்மிசார்டான் வகை, சிறுநீர் பிரிக்கும் மாத்திரை நான்கையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். சாப்பிடவில்லையென்றால் சல்ஃபோனைல்யூரியாவும் கூடாது. இன்சுலினைத் தானாக முழுசாக நிறுத்தாமல் சர்க்கரை பார்த்து நம்மிடம் கேட்க வேண்டும். நன்றாகச் சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

இதை வாயால் சொன்னால் போதாது. நிறுத்த வேண்டிய அட்டைகளின் பின்புறம் மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலருக்கும் அந்தக் குறியின் அர்த்தத்தைச் சொல்லி வையுங்கள். வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறவர் அவர்தான், நோயாளி படுத்துக் கிடப்பதை முதலில் பார்ப்பவரும் அவர்தான். நிறுத்தச் சொல்வதைவிட மறுபடி தொடங்க வைப்பதுதான் கஷ்டம். அதற்காகவே ஐந்தாம் நாள் ஒரு போன் போடுங்கள்.

11. லோ சுகர் வந்தால்

70க்குக் கீழ் என்றால், நினைவு இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து கொடுங்கள். பொட்டாசியம் ஏறியவருக்கு ஜூஸ் வேண்டாம். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றுங்கள்.

சர்க்கரை 120க்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்து டீ கேட்பார். வீட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள். அனுப்பாதீர்கள். சல்ஃபோனைல்யூரியாவால் வந்தது என்றால், சிறுநீரகம் கெட்டவரிடம் ஒரு நாளுக்கு மேலும் திரும்பத் திரும்ப இறங்கும். நான் சொன்ன அந்த அம்மாவுக்கு மாவட்ட மருத்துவமனையில் மறுநாள் இரவும் 52 வந்தது. 108ல் அனுப்பும்போது குளுக்கோஸ் ஓடிக்கொண்டே போகட்டும்.

12. எப்போது திரும்பப் பார்ப்பது, எப்போது அனுப்புவது

ஈஜிஎஃப்ஆர் 60க்கு மேல், லேசான கசிவு என்றால் வருடம் ஒரு முறை. 45–59 என்றால் ஒன்றிரண்டு முறை. 30–44 என்றால் இரண்டு மூன்று முறை. 30க்குக் கீழ் மூன்று முறைக்குக் குறையாமல். கசிவு கடுமை என்றால் ஒரு படி கூடுதலாக. கண் விழித்திரையும் கால் உணர்ச்சியும் வருடத்துக்கு ஒரு முறை, ஹீமோகுளோபினும் கூடவே.

அனுப்ப வேண்டியவை: ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழ், 300ஐத் தாண்டி நீடிக்கும் கசிவு, வருடத்தில் 5க்கு மேல் இறங்கும் ஈஜிஎஃப்ஆர், மூன்று மருந்துக்கும் அடங்காத பிரஷர், இறங்காத பொட்டாசியம். 30க்குக் கீழ் போனவரின் அதிகம் பயன்படுத்தாத கையில், முன்கையில் ஊசி குத்தாதீர்கள், புறங்கையில் எடுங்கள். பின்னால் டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (கையில் ரத்தக்குழாய்களை இணைப்பது) போட அந்த நரம்புகள் தேவைப்படும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கு அப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

'சுகர், கிட்னி, மேல் சிகிச்சைக்கு' என்று மட்டும் எழுதி அனுப்பினால் அங்கே எல்லாமே முதலிலிருந்து தொடங்கும். நான் எழுதுவது இப்படி: "58 வயது பெண், சர்க்கரை 12 வருடம். கிரியேட்டினின் ஜனவரியில் 1.2, ஜூனில் 1.5, ஈஜிஎஃப்ஆர் இப்போது 40. பொட்டாசியம் 4.9. டெல்மிசார்டான் 80, டாபாகிளிஃப்ளோசின் 10, மெட்ஃபார்மின் 500 இரு வேளை. கிளிமிபிரைடு மார்ச்சில் நிறுத்தப்பட்டது, காரணம் லோ சுகர். வலி மாத்திரை மே மாதம் வரை எடுத்தார், இப்போது இல்லை. கேள்வி: ஐந்து மாதத்தில் இறங்கிய வேகத்துக்கு வேறு காரணம் உண்டா?"